மூன்று பட்டைகளைக் காத்தவர்

இளம் வாசகர்களுக்கான நாவல் வரிசை ஒன்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் நிலைத்துவிட்டால், பதிப்பகங்கள் அதற்குப் புதிய அட்டை போடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் 1997-இல் தாமஸ் டெய்லர் வரைந்த அட்டையோடு பிரிட்டனில் வெளிவந்தது. பெரியவர்களும் ரயிலில் கூச்சமின்றிக் கையில் எடுத்துப் படிக்கட்டும் என்று, அதே நூல் வேறோர் அட்டையோடும் அடுத்து வந்தது. 2013-இல் அமெரிக்கப் பதிப்புக்குக் கசு கிபுய்ஷியும், 2014-இல் பிரிட்டன் பதிப்புக்கு ஜானி டடிலும் ஏழு நூல்களுக்கும் புதிய அட்டைகளை வரைந்தனர். கிபுய்ஷியின் ஏழு நூல்களையும் பெட்டியில் அடுக்கி வைத்தால் அவற்றின் முதுகுகள் சேர்ந்து ஒரு கோட்டையாகத் தெரியும். கதை மாறவில்லை, கதைக்குள் நுழையும் வாசல் மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றும் ஒரு வழக்கைக் கிளப்புகிறது. முதல் தலைமுறை வாசகர்கள் தங்கள் நூலைப் பறிகொடுத்ததுபோல் வருந்துகிறார்கள். புதிய தலைமுறையைக் கவர வேறு வழியில்லை என்கிறார்கள் பதிப்பகத்தார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால், ஒரு நூல் வரிசையைப் புதுப்பிக்கும்போது எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற கேள்விக்கு என்னளவில் மிகச் சிறந்த விடையைத் தந்தவர், ஹாரி பாட்டர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்தப் பணியைச் செய்து முடித்த ஒரு ஜெர்மானியர். யான் சிச்சோல்ட் என்பது அவர் பெயர். பென்குவின் நூல்களை மறுவடிவமைத்தவர் அவர்.

பெயர்ப்பலகை எழுதுபவரின் மகன்

சிச்சோல்ட் 1902 ஏப்ரல் 2 அன்று லைப்சிக் நகரில் பிறந்தார். ஜெர்மனியின் அச்சுத் தொழிலுக்கும் புத்தக வணிகத்துக்கும் தலைநகரம் போன்றது லைப்சிக். தந்தை பெயர்ப்பலகைகளுக்கு எழுத்து வரைபவர். தூரிகையும் வண்ணமும் எழுத்தின் வளைவுகளும் வீட்டிலேயே பழகிய பொருள்கள். மகன் ஓவியராக விரும்பினார்; அதில் நிலையான வருவாய் இராது என்று பெற்றோர் அஞ்சியதால் எழுத்துக்கலையின் பக்கம் திரும்பினார். லைப்சிக்கின் அச்சு, புத்தகக் கலைக் கழகத்தில் பயின்று, இருபது வயதுக்குள்ளாகவே அங்கு மாணவர்களுக்கு எழுத்து கற்பிக்கும் அளவுக்குத் தேர்ந்தார்.

1923-இல் வைமாரில் நடந்த பௌஹவுஸ் பள்ளியின் கண்காட்சி அவரைத் தலைகீழாக மாற்றியது. பழைய கோதிக் எழுத்துகள், அலங்காரக் கோடுகள், பக்கத்தின் நடுவே சமச்சீராக அடுக்கப்பட்ட வரிகள் எல்லாம் இயந்திர யுகத்துக்குப் பொருந்தாதவை என்று அவருக்குத் தோன்றியது. ரஷ்யக் கலைஞர்கள்மீது கொண்ட பற்றால் சில காலம் தம் பெயரையே இவான் என்று மாற்றிக்கொண்டார். 1925-இல், 23 வயதில், அச்சுத் தொழிலாளருக்கான ஓர் இதழின் சிறப்பிதழைத் தொகுத்துப் புதிய அச்சுக்கலையின் கொள்கைகளை அறிவித்தார். 1928-இல் அக்கொள்கைகளை விரித்து ‘புதிய அச்சுக்கலை’ என்னும் நூலை எழுதினார். எழுத்துகளின் முனைகளில் உள்ள சிறு கால்கள் வேண்டாம், அலங்காரம் வேண்டாம், சமச்சீர் வேண்டாம், தாள்களின் அளவு தரப்படுத்தப்பட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் இதுதான் அவருடைய அறிக்கை. இன்று நம் அலுவலக மேசைகளில் கிடக்கும் ஏ4 தாளுக்காக அன்றே வாதாடியவர்களுள் அவரும் ஒருவர்.

1926 முதல் மியூனிக் நகரின் அச்சுக்கலைப் பள்ளியில் அவர் ஆசிரியராக இருந்தார். ஃபியூச்சுரா எழுத்துருவை உருவாக்கிய பால் ரென்னர் அங்குத் தலைமை வகித்தார். இவான் என்ற பெயர் யான் என்றானது அப்போதுதான்.

கைதும் புலம்பெயர்வும்

எழுத்தின் வடிவத்துக்காக ஒருவர் சிறை செல்லக்கூடும் என்பது இன்று நம்பக் கடினமாக இருக்கலாம். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் புதிய கலை வடிவங்கள் அனைத்தையும் ஜெர்மானியப் பண்பாட்டின் பகையாகக் கருதினர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் சிச்சோல்ட் கைது செய்யப்பட்டார். அவருடைய வீட்டில் இருந்த சோவியத் சுவரொட்டிகள் குற்றத்துக்குச் சான்றாயின. மனைவி எடித்தும் சிறைப்பட்டார். வேலை பறிபோனது. சில வாரங்களுக்குப் பின் விடுதலையான அவர், மனைவியோடும் சிறு மகனோடும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குச் சென்று சேர்ந்தார். அங்கு ஒரு பதிப்பகத்தில் குறைந்த ஊதியத்துக்குப் பகுதிநேர வேலை. சுவிஸ் குடியுரிமை கிடைக்க 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் அவருடைய வாழ்க்கை எனக்கு உண்மையிலேயே பொருள் பொதிந்ததாகிறது. அடக்குமுறைக்கு ஆளானவர் தம் கொள்கையை இன்னும் இறுகப் பற்றிக்கொள்வதுதான் உலக இயல்பு. சிச்சோல்ட் அதற்கு மாறாகத் தம் கொள்கையையே விசாரணைக் கூண்டில் ஏற்றினார். விளம்பரத் தாளுக்கும் தொழிற்சாலைப் பட்டியலுக்கும் பொருந்துகிற கோணலான அமைப்பு ஒரு நாவலுக்கோ கவிதைத் தொகுப்புக்கோ பொருந்துமா என்று கேட்டார். மணிக்கணக்கில் ஒரு நூலோடு உட்கார்ந்திருக்கும் வாசகரின் கண்ணுக்கு எது இதம் தரும் என்று ஆராய்ந்தார். முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய அச்சாளர்களின் பக்கங்களை அளவெடுத்துப் பார்த்தார். மெல்ல மெல்லச் சமச்சீர் அமைப்புக்கும் பழைய எழுத்துருக்களுக்கும் திரும்பினார்.

அதோடு நிற்கவில்லை. தாம் இளமையில் எழுப்பிய புதிய அச்சுக்கலையின் விட்டுக்கொடுக்காத பிடிவாதத்துக்கும், தம்மை நாட்டைவிட்டு விரட்டிய சர்வாதிகாரத்தின் மனப்பான்மைக்கும் உறவு உண்டு என்று வெளிப்படையாகவே சொன்னார். 1946-இல் சுவிஸ் கலைஞர் மாக்ஸ் பில் அவரைக் கொள்கைத் துரோகி என்ற தொனியில் கடுமையாகத் தாக்கி எழுதினார். சிச்சோல்டும் அதே ஆண்டில் விரிவாக மறுமொழி எழுதினார். மாக்ஸ் பில்லின் ஆத்திரத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நாஜிகள் எந்தக் கலையைத் தடை செய்தார்களோ, அதே கலையைச் சர்வாதிகாரத்தோடு ஒப்பிடுவது நீதியல்ல என்று அவர் கருதினார். அந்த ஒப்பீடு மிகைதான். ஆனால், கொள்கைக்காக வாசகரா, வாசகருக்காகக் கொள்கையா என்ற கேள்வி மிகையன்று.

ஆறு பென்ஸ் புத்தகம்

அந்தக் கேள்விக்கு அவர் செயலில் விடை தரும் வாய்ப்பு லண்டனிலிருந்து வந்தது. 1935 ஜூலையில் ஆலன் லேன் பென்குவின் நூல்களைத் தொடங்கியபோது ஒரு நூலின் விலை ஆறு பென்ஸ். பத்து சிகரெட் அடங்கிய ஒரு பாக்கெட்டின் விலை. நல்ல எழுத்து மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். இரண்டாண்டுகளுக்குப் பின் அறிவுத்துறை நூல்களுக்கென்று பெலிகன் வரிசை வந்தபோது அதன் ஆசிரியராக இருந்தவர், பின்னாளில் இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சரான வி.கே.கிருஷ்ண மேனன் என்பது நாம் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

பென்குவினின் முதல் அட்டையை வடிவமைத்தவர் எட்வர்டு யங் என்னும் 21 வயது ஊழியர். மேலும் கீழும் வண்ணப் பட்டை, நடுவில் நூற்பெயர் தாங்கிய வெள்ளைப் பட்டை. நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு அடர்நீலம். உயிரியல் பூங்காவுக்குச் சென்று பென்குவின் பறவையைப் பார்த்துச் சின்னத்தை வரைந்து வந்தவரும் அவரே. படமே இல்லாத அந்த அட்டைகள் வாசகர் மனத்தில் பதிந்துவிட்டன.

ஆனால், பத்தாண்டுகளில் வரிசை பெருகியது. போர்க்காலத் தாள் பஞ்சமும் ஆள் பஞ்சமும் சேர்ந்து, நூல்கள் பல அச்சகங்களில் பல விதமாக உருவாயின. ஒன்றில் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். இன்னொன்றில் சொற்களுக்கிடையே பள்ளம் விழுந்திருக்கும். ஒவ்வொரு நூலிலும் பென்குவின் ஒவ்வொரு விதமாக நிற்கும். அச்சாளர் ஆலிவர் சைமனின் பரிந்துரையை ஏற்று ஆலன் லேன் அவருடன் பாசலுக்கே சென்று சிச்சோல்டைச் சந்தித்தார். 1947 மார்ச்சில் சிச்சோல்ட் இங்கிலாந்தில் பணியேற்றார்.

புதிய வடிவமைப்பாளர் ஒருவர் பொறுப்பேற்றதும் என்ன செய்வார் என்று நாம் எதிர்பார்ப்போம்? பழைய அட்டையைத் தூக்கியெறிந்துவிட்டுத் தம் முத்திரையைப் பதிப்பார். அதிலும் இவர் ஐரோப்பா அறிந்த பெயர். அட்டையை வடிவமைத்த யங்கோ பெயர் பெறாத இளைஞராக இருந்தவர். ஆயினும் சிச்சோல்ட் மூன்று பட்டைகளை மாற்றவில்லை. வண்ணங்களை மாற்றவில்லை. வாசகருக்கு அவை பழகிய முகம் என்பதை உணர்ந்திருந்தார். எழுத்தின் அளவைச் சீராக்கினார்; தலைப்பின் எழுத்துகளுக்கிடையே மூச்சுவிட இடம் தந்தார்; நூற்பெயருக்கும் ஆசிரியர் பெயருக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று இட்டார்; பென்குவினைத் திருத்தமாக மறுபடி வரைந்தார். பழைய அட்டையையும் புதிய அட்டையையும் தனித்தனியே காட்டினால் வேறுபாடு தெரியாது. அருகருகே வைத்தால் ஒன்று கசங்கிய சட்டை, மற்றொன்று துவைத்து மடித்த சட்டை. 1949-இல் அவர் நிலைப்படுத்திய பென்குவின் உருவம் 2003 வரை அநேகமாக அப்படியே நீடித்தது.

மாற்ற வேண்டிய இடத்தில் அவர் தயங்கவும் இல்லை. பென்குவின் ஷேக்ஸ்பியர் வரிசைக்கு ரெனால்ட்ஸ் ஸ்டோன் மரத்தில் செதுக்கிய உருவப்படத்தோடு கறுப்பு வெள்ளையில் கம்பீரமான புதிய அட்டை அமைத்தார். செவ்வியல் மொழிபெயர்ப்பு வரிசைக்குச் சட்டமும் வட்ட முத்திரையும் கொண்ட புதிய முகம் தந்தார். ஒவ்வொரு வரிசைக்கும் அதற்குரிய தன்மை; எல்லாம் ஒரே குடும்பம் என்ற அடையாளம். பழகிய முகம் வலுவாக இருந்த இடத்தில் அதைக் காத்தார். இல்லாத இடத்தில் உருவாக்கினார். மறுவடிவமைப்பு என்ற கலையின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு பாகுபாட்டில் அடங்கிவிடுகிறது என்பேன்.

அட்டைக்குப் பின்னே

அட்டையோடு அவர் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இராது. உள்ளே இருக்கும் பக்கம் சீர்கெட்டிருக்க, வெளியே இருக்கும் அட்டை மட்டும் அழகாக இருப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. அச்சுக்கோப்பு விதிகள் என்று நான்கே பக்கங்களில் ஒரு கையேடு தயாரித்து அச்சகங்கள் அனைத்துக்கும் அனுப்பினார். சொற்களுக்கிடையே இடைவெளி குறைவாகவும் சீராகவும் இருக்க வேண்டும். முற்றுப்புள்ளிக்குப் பின் அகன்ற வெற்றிடம் கூடாது. பத்தியின் முதல் வரி உள்ளடங்கித் தொடங்க வேண்டும். தலைப்பெழுத்துகளைக் கண்ணின் கணக்குப்படி இடைவெளி விட்டு அமைக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை அச்சுக்கோப்பவர்கள் திரும்பத் திரும்ப மறந்ததால் அதை ஒரு ரப்பர் முத்திரையாகவே செய்துவைத்து, மெய்ப்புத் தாள்களில் குத்தி அனுப்பினார்.

அச்சகங்களில் எதிர்ப்பு எழுந்தது. பல்லாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு வெளிநாட்டவர் ஒருவர் வந்து வரிக்கு வரி பாடம் சொல்வது எப்படி இனிக்கும்? அவர்கள் வாதிட்டால், தமக்கு ஆங்கிலம் புரியாததுபோல் இருந்துவிட்டு, திருத்தத்தை மட்டும் விடாமல் திரும்பச் செய்யவைப்பாராம். மூன்றாண்டுக்கும் குறைவான காலத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூல்கள் அவர் கையால் சீரமைந்தன. ஒவ்வொன்றின் முகப்புப் பக்கத்தையும் தாமே பார்த்தார்.

சர்வாதிகாரத்தின் சாயலைத் தம் பழைய கொள்கையில் கண்டவர், இங்கே விதிகளால் ஆட்சி செய்தாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் உடன் பணியாற்ற எளிய மனிதர் அல்லர். சமரசம் என்ற சொல்லை அறியாதவர். ஆயினும் இரு விதிகளுக்கும் வேறுபாடு உண்டு. 1928-இன் விதி, காலத்துக்கு ஏற்ற வடிவம் இது ஒன்றே என்றது. 1947-இன் விதி, இந்த வரியைப் படிக்கும் கண் இடறக்கூடாது என்றது. முன்னது படைப்பவரின் பெருமையிலிருந்து பிறந்தது. பின்னது படிப்பவரின் வசதியிலிருந்து பிறந்தது. விதி கடுமையா, தளர்வா என்பதைக் காட்டிலும் அது யாருக்குப் பணி செய்கிறது என்பதே முதன்மையானது.

அந்தப் படிப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். தோலால் கட்டப்பட்ட பதிப்புகளை வாங்கும் செல்வர்கள் அல்லர். மாணவர்கள், எழுத்தர்கள், ஆலைத் தொழிலாளர்கள், போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள். பணக்காரர்களுக்கான பகட்டு நூல்களைவிடச் செம்மையாக அச்சிட்ட சாதாரண நூல்களே உலகுக்குத் தேவை என்பது சிச்சோல்டின் உறுதியான எண்ணம். மலிவு விலை நூல் என்பதால் மலிவான உழைப்பு போதும் என்று அவர் ஒருபோதும் எண்ணவில்லை. நூலின் விலை குறையும்போது வாசகருக்குரிய மரியாதை குறைய வேண்டியதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் செய்து காட்டியவரை நான் அறியேன்.

1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. நம் ரூபாயும் அப்போது உடன் சரிந்தது. சுவிஸ் பிராங்கில் கணக்கிட்டால் சிச்சோல்டின் ஊதியம் வெகுவாகக் குறைந்தது. ஆண்டின் இறுதியில் அவர் சுவிட்சர்லாந்து திரும்பினார். பணியைத் தொடர்ந்தவர் ஹான்ஸ் ஷ்மொல்லர்; அவரும் நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறியவர், ஒரு யூதர். ஆங்கிலப் பொதுமக்களின் நூல்களைச் செம்மைப்படுத்தியவர்கள் அடுத்தடுத்து இரண்டு அகதிகள் என்பதை வரலாறு மறக்கலாகாது.

காலத்தின் தீர்ப்பு

படமற்ற மூன்று பட்டைகள் என்றென்றும் வெல்லவில்லை. அமெரிக்க மலிவுப் பதிப்புகள் வண்ணப் படங்களோடு கடைகளில் குவிந்தபோது பென்குவினும் 1960-களில் வழிவிட்டது. ஜெர்மானோ ஃபசெட்டியின் கலை இயக்கத்தில் ஓவியங்களும் நிழற்படங்களும் அட்டையேறின. அது தவறும் அன்று. காலத்தின் தேவை வேறாகியிருந்தது. ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று பென்குவினின் பெயரால் தேநீர்க் கோப்பைகளிலும் துணிப்பைகளிலும் பதிக்கப்படுவது அந்த மூன்று பட்டைகளே. பழைய புத்தகக் கடைகளின் தாறுமாறான அடுக்கிலும் ஓர் ஆரஞ்சு முதுகு தனித்துத் தெரிந்து என்னை நிறுத்தியதுண்டு. உள்ளே தாள் பழுத்திருக்கும். வரிகள் மட்டும் இன்றும் கண்ணை உறுத்தாமல் ஓடும்.

பாசல் திரும்பிய சிச்சோல்ட் ஓய்ந்திருக்கவில்லை. 1955 முதல் 1967 வரை ஹாஃப்மன் லா ரோஷ் மருந்து நிறுவனத்தின் அச்சுப் பணிகளைக் கவனித்தார். கையால் கோப்பது, லினோடைப், மோனோடைப் என அன்றிருந்த மூன்று முறைகளிலும் ஒரேபோல் அமையும் எழுத்துரு ஒன்று வேண்டும் என்று ஜெர்மானிய அச்சாளர்கள் கேட்டபோது, பதினாறாம் நூற்றாண்டின் கராமோன் எழுத்துகளை அடியொற்றி சபோன் என்னும் எழுத்துருவை உருவாக்கினார். 1967-இல் வெளிவந்த அது இன்றும் புழக்கத்தில் உள்ளது. 1965-இல், அவரைப் பெற்றெடுத்த லைப்சிக் நகரம் குட்டன்பர்க் பரிசு வழங்கியது. 1974 ஆகஸ்ட் 11 அன்று லொக்கார்னோவில் அவர் காலமானார்.

அவருடைய வாழ்க்கையிலிருந்து இன்றைய பதிப்பாளர்கள் பெறக்கூடிய பாடம், பழையதைத் தொடாதீர்கள் என்பதன்று. அவரே இருமுறை தம்மை மாற்றிக்கொண்டவர். இளையோர் நாவல் வரிசை ஒன்றுக்குப் புதிய அட்டை போட உட்கார்பவர் மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம். வாசகருக்கு ஏற்கெனவே பழகிப்போன முகம் எது? அதில் காலத்தால் கசங்கியது எது? புதிய அட்டையைப் புரட்டியதும் கிடைக்கும் பக்கம் அந்த அட்டைக்கு ஈடாக இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்பதில்லை. பளபளக்கும் அட்டைக்குள் நெருக்கியடித்த எழுத்துகளும், தைப்புக்குள் மறையும் ஓரங்களும், மெய்ப்புப் பாராத வரிகளும் இருக்குமானால், பதின்வயது வாசகரை நாம் வாடிக்கையாளராக மட்டுமே நடத்துகிறோம் என்று பொருள்.

பதினான்கு வயதில் கையில் எடுக்கும் நூல்தான் ஒருவர் வாழ்நாள் முழுதும் படிப்பவராக இருப்பாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்த நூல் எவ்வளவு மலிவாகவும் இருக்கட்டும்; அதைச் செய்தவர்கள் தன்னை மதித்துச் செய்திருக்கிறார்கள் என்பதை அந்தச் சிறுமியோ சிறுவனோ சொல்லத் தெரியாமலேயே உணர்ந்துகொள்ள வேண்டும்.